"பிறகு தருகிறோம்" என்றால் எதற்குப் பிறகு? ஓவியர் கையில் நான்கு ஒப்பந்தங்கள்

ஒரு வீடியோ கேமுக்கு 12 கேரக்டர்கள் வரைய வேண்டும். இரண்டு மாத வேலை. இதே வேலைக்கு நான்கு விதமான ஒப்பந்தங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால், வழக்கமான கூலியை 100 என்று கொள்கிறேன்.

முதலாவது: 100. முழுவதும் "இறுதி ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள்".
இரண்டாவது: 80 மட்டுமே. 30 முன்பணம், ஸ்கெட்ச் ஓகே ஆனதும் 30, இறுதி ஃபைல்களைக் கொடுக்கும் முன் 20.
மூன்றாவது: இப்போது ஒன்றும் இல்லை. கேம் வெளியான பிறகு "நிகர வருவாயில்" 5 சதவீதம்.
நான்காவது: 130. ஆனால் பொதுமக்களிடம் நிதி திரட்டி முடித்த பிறகு.

தொகையை வைத்து வரிசைப்படுத்தினால் நான்காவது மேலே வந்து நிற்கும். நான் முதலில் தேடுவது வேறு: பணம் கிளம்புவதற்கு முன் என்ன நடந்தாக வேண்டும், அதை நடத்தும் கை யாருடையது?

முதலாவதில் எல்லோருக்கும் கண்ணில் படுவது 60 என்ற எண். எனக்கு உறுத்துவது "இறுதி ஒப்புதல்" என்ற இரண்டு வார்த்தைகள். 60 நாள் என்பது காலண்டரில் இருக்கிறது, எண்ணிக்கொண்டே இருக்கலாம். ஒப்புதல் எந்தக் காலண்டரிலும் இல்லை. அது ஒருவருடைய மின்னஞ்சல் பெட்டியில் இருக்கிறது. அவர் விடுப்பில் போனால் அதுவும் விடுப்பில் போகும். ஒருமுறை இப்படி ஒரு வேலையில், வரைந்து முடித்த கேரக்டரின் தோள்பட்டைக் கவசத்துக்கு மட்டும் ஒன்பது முறை திருத்தம் வந்தது. ஒன்பதாவது முறை கேட்டது கிட்டத்தட்ட நான் இரண்டாவதாக அனுப்பிய வடிவத்தை. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவர்களுக்கு முடிவெடுக்க அவசரம் இல்லை, அவ்வளவுதான். அவசரம் இல்லாததற்குக் காரணம், தாமதத்தால் அவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. எனக்கோ 60 நாள் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

நாட்களைக் கூட்டிப் பாருங்கள். வேலைக்கு 60, ஒப்புதலுக்கு நல்லபடியாகப் போனால் 21, அப்புறம் இன்னொரு 60. மொத்தம் 141. ஆரம்பித்த நாளிலிருந்து நாலரை மாதம் கழித்துத்தான் முதல் காசு.

இது எனக்கு மட்டும் தோன்றும் கவலை இல்லை. தாமதக் கொடுப்பனவு பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆணை, நிறுவனங்களுக்கு இடையே பொதுவாக 60 நாள் வரம்பு வைத்ததோடு நிற்கவில்லை. வேலையைச் சரிபார்த்து ஏற்கும் கட்டமே, வேறு விதமாக வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாதவரை, 30 நாளைத் தாண்டக் கூடாது என்றது. ஓட்டை எங்கே இருக்கிறது என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. நியூயார்க் நகரில் 2017-ல் நடைமுறைக்கு வந்த ஃப்ரீலான்ஸர் சட்டமும், ஒப்பந்தத்தில் தேதி இல்லையென்றால் வேலை முடிந்த நாளிலிருந்துதான் 30 நாளை எண்ணுகிறது.

இரண்டாவதைப் பார்த்தவுடன் 20 போய்விட்டதே என்று மனம் அடித்துக்கொள்ளும். நியாயம்தான். வட்டிக் கணக்கு மட்டும் போட்டால் முதலாவதே ஜெயிக்கும். இரண்டுக்கும் இடையே சராசரியாக நான்கு மாதக் காத்திருப்பு, அதற்கு 80-ன் மேல் 25 சதவீதம் கூடுதல். பணம் வருவது நிச்சயம் என்றால், கையில் நான்கு மாதச் செலவுக்கு இருப்பு இருந்தால், காத்திருப்பதே லாபம். ஆனால் அந்த "நிச்சயம்" எவ்வளவு நிச்சயம்? 80-ஐ விட 100 மேல் என்று ஆக, முழுப் பணமும் வந்து சேரும் வாய்ப்பு ஐந்துக்கு நான்கைத் தாண்ட வேண்டும். இதுவரை பழகாத கிளையண்டுக்கு அவ்வளவு மதிப்பெண் நான் கொடுப்பதில்லை. இன்னொன்று: பாதியில் திட்டமே நின்றுபோனால் முதலாவதில் கிடைப்பது பூஜ்யம். இரண்டாவதில் ஸ்கெட்ச் கட்டம் தாண்டியிருந்தாலே 60 கைக்கு வந்திருக்கும்.

மூன்றாவதை ஆசையோடு ஏற்றுக்கொள்ளும் இளம் ஓவியர்கள் நிறைய. "நீங்களும் பங்குதாரர்" என்ற சொல்லுக்கு ஒரு கதகதப்பு இருக்கிறது. சரி, கணக்கைப் பார்ப்போம். என் கூலி 100 என்பது அந்த கேமின் 1,000 பிரதிகளின் விலைக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளம் பொதுவாக விற்பனையில் 30 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. மீதி 70-ல் 5 சதவீதம் என்றால் ஒரு பிரதிக்கு அதன் விலையில் 3.5 சதவீதம் எனக்கு. என் கூலியை எட்ட 28,572 பிரதிகள் விற்க வேண்டும். அரை விலைத் தள்ளுபடியில் விற்றால் இரண்டு மடங்கு. வரி, வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தது, விளம்பரச் செலவு எதையும் நான் இன்னும் கழிக்கவில்லை. "நிகர" என்ற சொல் எதையெல்லாம் விழுங்கும் என்று ஒப்பந்தத்தில் பட்டியல் போட்டிருக்க வேண்டும். போடவில்லையென்றால் அந்த 5 எதனுடைய 5 என்று யாருக்கும் தெரியாது. அதோடு, விற்பனைக் கணக்கைப் பார்க்கும் உரிமையும் எழுத்தில் வேண்டும். கூலியில் பாதியாவது முதலில் வந்து, அதன் மேல் பங்கு என்றால் பேசலாம். பங்கு மட்டும் என்றால் நான் வேண்டாம் என்பேன்.

நான்காவதில் சங்கடம் வேறு மாதிரி. கிக்ஸ்டார்ட்டர் போன்ற நிதி திரட்டும் தளத்தில் இலக்கைத் தொடாத திட்டத்துக்கு ஒரு காசும் வராது. மக்கள் பணம் போடுவதே என் படங்களைப் பார்த்துத்தான். நிதி திரட்டும் பக்கத்தைத் தூக்கி நிறுத்துவது நான், தோற்றால் சம்பளம் இல்லாமல் போவதும் நான். இதற்கு என் பதில்: 12-ல் 2 கேரக்டர்களை மட்டும் இப்போது வரைகிறேன், அதற்கு வழக்கமான கூலிக் கணக்கில் 17 இப்போதே தாருங்கள், மற்ற பத்தும் நிதி வந்த பிறகு. இதற்குச் சம்மதிப்பவர்களை நம்பலாம்.

எதை எடுத்தாலும் லேயர் லேயராகத் திருத்தக்கூடிய ஃபோட்டோஷாப் மூல ஃபைல் (பிஎஸ்டி) கடைசித் தவணை வரை என்னிடமே இருக்கும். பார்வைக்குப் போவது 1,200 பிக்சல் அகல ஜேபெக், வாட்டர்மார்க் ஓரத்தில் இல்லாமல் முகத்தின் குறுக்கே. ஓரத்தில் போட்டால் வெட்டிவிடலாம். காப்புரிமையும் முழுத்தொகை வந்து சேர்ந்த பிறகே கைமாறும் என்று ஒரு வரி.

இவற்றில் நான் எடுப்பது இரண்டாவதை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் முதலாவது ஆளுக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்ப்பேன். தொகையையும் 60 நாளையும் தொடமாட்டேன். கேட்பது இரண்டு மாற்றங்கள், கூடவே கொஞ்சம் முன்பணம்: "ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து" என்பதை "ஃபைல் பார்வைக்கு வந்த நாளிலிருந்து" என்று மாற்ற வேண்டும். திருத்தம் இரண்டு சுற்று மட்டும், 10 நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் தந்ததாகக் கொள்ளப்படும். தயங்காமல் ஒத்துக்கொண்டு, நான்கு பங்கில் ஒரு பங்கு முன்பணமும் அனுப்பினால் அந்த 100-க்கே வரைவேன். "எங்கள் வழக்கம் இதுதான், மாற்ற முடியாது" என்று பதில் வந்தால் 80-க்கு ஸ்கெட்ச் போட உட்கார்ந்துவிடுவேன்.