அடையாள அட்டை எண்ணை மாற்றும்போது ஃபொரின் கீயை என்ன செய்வது?

2016 ஜனவரியிலிருந்து இலங்கையில் 12 இலக்க அடையாள அட்டை வழங்கப்படுகிறது. ஆனால் கொழும்புக் கடைகளுக்கு எழுதிய பழைய மென்பொருள் சிலவற்றில் இன்னும் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும்தான் வாடிக்கையாளரின் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொருவரையும் பிரித்தறியும் எண். மாற்றும் விதி சுலபம்: முன்னால் 19, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0, கடைசி எழுத்து நீங்கும். சிக்கல், அந்த எண்ணையே ஃபொரின் கீயாக, அதாவது வாடிக்கையாளர் டேபிளில் இருந்தே ஆகவேண்டிய எண்ணாக, பிடித்துக்கொண்டிருக்கும் பற்றுச்சீட்டு டேபிளில்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பலரும் முதலில் செய்வது ஃபொரின்_கீ_செக்ஸை 0 ஆக்குவது, அதாவது ஃபொரின் கீ சரிபார்ப்பை நிறுத்துவது. வேகமானதுதான், ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். திரும்ப 1 ஆக்கினாலும் ஏற்கெனவே உள்ள பதிவுகளை அது சரிபார்க்காது. பற்றுச்சீட்டில் அந்த கொலம் 10 எழுத்துக்கு மட்டும் வைக்கப்பட்டிருந்து, பொருந்தாத தரவை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடும் இல்லையென்றால், 12 இலக்கத்தின் கடைசி இரண்டும் வெட்டுப்படும். வருவது ஓர் எச்சரிக்கை மட்டுமே. புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவருக்கு அது வசூலிக்க ஆள் தெரியாத கடன். சரிபார்ப்பு இயங்கியிருந்தால் முதல் பதிவிலேயே பிடிபட்டிருக்கும்.

அதைவிட ஒன் அப்டேட் காஸ்கேட் எவ்வளவோ மேல். தாய் டேபிளை (வாடிக்கையாளர்) மாற்றினால் பிள்ளை (பற்றுச்சீட்டு) தானாக மாறும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இன்னொரு வழி உண்டு: சரிபார்ப்பைக் கொமிட் வரை, அதாவது மாற்றங்களை நிரந்தரமாக்கும் கட்டம் வரை, தள்ளிப்போடலாம். ஃபொரின் கீ டிஃபெரபிளாக (தள்ளிப்போடக்கூடியதாக) இருக்க வேண்டும்; இயல்பில் இராது, ஓல்டர் கட்டளையால் மாற்றினால் போதும். இரண்டு டேபிளையும் எந்த வரிசையிலும் மாற்றலாம். ஒரு பற்றுச்சீட்டு அநாதையானாலும் கொமிட் நிராகரிக்கப்பட்டு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். நடுத்தர அளவுத் தரவுக்கு என் தெரிவு இதுதான். பதிவுகள் கோடிக்கணக்கில் போனால், காத்திருக்கும் சரிபார்ப்புகள் மெமரியைத் தின்னும். அப்போது கீயை நீக்கி, மாற்றி, நொட் வேலிட் என்று (ஏற்கெனவே உள்ள பதிவுகளைச் சரிபார்க்காமல்) திரும்பச் சேர்த்து, பிறகு வேலிடேட் செய்வது (அவற்றைச் சரிபார்ப்பது) நல்லது. வேலிடேட் ஓடும்போதும் கடையில் பில் போடலாம். ஆனால் கீ இல்லாத இடைவெளியில் வரும் பதிவுகளுக்குக் காவல் இல்லை. அந்த நேரம் விற்பனையை நிறுத்துங்கள்.

கடையை நிறுத்தவே முடியாதென்றால், புதிய எண்ணில் வாடிக்கையாளர் பதிவைச் சேர்த்து, பற்றுச்சீட்டுகளைச் சிறு தொகுதிகளாக அதற்கு மாற்றி, கடைசியில் பழையதை அழியுங்கள். கீயைத் தொடவே தேவையில்லை, எந்தத் தரவுத்தளத்திலும் நடக்கும். இடையில் ஒரே ஆள் இரண்டு பதிவாக இருப்பார், அறிக்கைகளில் அதைக் கவனிக்க வேண்டும். தொலைபேசி எண் யுனிக் (இரண்டு பதிவில் வரக்கூடாது) என்றிருந்தால் இது முதலிலேயே முட்டும்.

கீயை நீக்காத எந்த வழியானாலும், போஸ்ட்கிரெஸ் பிள்ளை டேபிளின் கொலத்துக்குத் தானாக இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) போடுவதில்லை; மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி போடும். அது இல்லாமல் தொடங்கினால், தாயில் மாற்றும் ஒவ்வொரு எண்ணுக்கும் பற்றுச்சீட்டு டேபிள் முழுவதும் தேடப்படும்.