ஒயின் பெட்டியில் தேனீ விந்து: 12 போத்தல் கூலர் எப்படி?

ராணித் தேனீக்குச் செயற்கையாகக் கருவூட்ட, சிங்கப்பூரில் ஆண் தேனீயின் விந்தைக் கெடாமல் வைக்க நினைப்பவர் பாடு மத்தளத்தின் பாடுதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறை 30 டிகிரி; விந்தணுக்கள் சக்தியை எரித்துத் தீர்க்கும், பாக்டீரியா பெருகும். சமையலறைக் குளிர்சாதனப் பெட்டியோ 4 டிகிரி. குளிரில் அணுவின் சவ்வு சேதமாகும். வேண்டியது 14 டிகிரி. அதை மலிவாகத் தருவது ஒயின் வைக்க விற்கும் சின்னக் கூலர். (ராணியின் விந்துப்பைக்குள் அதே அணுக்கள் 35 டிகிரியில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நாம் விந்தை வைக்கும் கண்ணாடிக் குழாய்க்கு அந்த வித்தை தெரியாது.)

கம்ப்ரஸர் இல்லாத பெல்டியர் வகை இது (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு). அதிர்வு இல்லை, சத்தம் குறைவு. ஆனால் அறை வெப்பத்திலிருந்து குறிப்பிட்ட அளவுதான் இறக்கும். வெயில் படும் சுவரோரம் வைத்தால் பிற்பகலில் 14-ஐத் தொடாமல் 17-இலேயே நின்றுவிடும். நிழலான அறையில், பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள். முன்பக்க எண்ணை நம்ப வேண்டாம். அது உணரி இருக்கும் இடத்தின் கணக்கு. தண்ணீர் நிரப்பிய சிறு குப்பியில் தனி வெப்பமானியை முக்கி, குழாய்கள் இருக்கும் தட்டிலேயே வைத்துப் பாருங்கள். மிச்ச இடத்தில் தண்ணீர் போத்தல்களை அடுக்கினால் கதவைத் திறந்தாலும் வெப்பம் சட்டென ஏறாது. கண்ணாடிக் கதவுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள், உள்விளக்கை அணைத்து விடுங்கள்.

பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே போகும் சரக்கு சுத்தமாக இருக்க வேண்டும். கூட்டறையிலிருந்து வெளிவந்து இரண்டு வாரமான ஆண் தேனீக்களைச் சிறிது நேரம் பறக்க விட்டால் வெளியிலேயே கழித்துவிடும்; இல்லையேல் விந்தெடுக்கப் பிதுக்கும்போது மலம் விந்தில் விழும். பழுப்பு கலந்த பாலாடை நிறத்தில் இருப்பது விந்து, அடியில் வெள்ளையாக இருப்பது சளி. சளியைத் தொட்டால் குழாய் முனை அடைத்துக்கொள்ளும். ஐரோப்பியத் தேனீ ஒன்று சுமார் 1 மைக்ரோலிட்டர் தரும். ராணிக்கு 8 முதல் 10 மைக்ரோலிட்டர் செலுத்துவது வழக்கம். நம் ஊர் அடுக்குத் தேனீயின் ஆண் ஏறக்குறைய 10 லட்சம் அணுக்களே தரும், ஐரோப்பியத் தேனீயில் பத்தில் ஒரு பங்கு. அதனால் நிறையப் பேரைப் பிடிக்க வேண்டும். குழாயின் இரு முனையிலும் சிறிது காற்றிடம் விட்டு வாசலின் வைத்து மூடுங்கள்.

இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. அதற்கு முன் ஒரு துளிக்கு ஒளிரும் சாயமேற்றி ஒளிர்வு நுண்ணோக்கியில் பாருங்கள்: உயிருள்ள அணு பச்சை, செத்தது சிவப்பு. வருடக்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்தான் வழி. இந்தப் பெட்டி அதற்கல்ல.

பெரிய குறை ஒன்று: மின்சாரம் போய் வந்தால் பெட்டி நீங்கள் வைத்த அளவை மறந்து, தொழிற்சாலை அளவான 10 டிகிரிக்குப் போய்விடுகிறது. எச்சரிக்கை மணியும் கிடையாது. காலையில் ஒரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு தடவை எட்டிப் பார்க்க முடியாதவர்கள் வேறு மாடல் தேடுங்கள்.