லாகின் ஸ்கிரீனை மாற்ற வந்தவர் கம்ப்யூட்டரையே தன் பெயரில் ஆக்கிவிட்டுப் போனார்: குமரி மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க

வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன், பாஸ்வேர்டு தொல்லையை எடுத்து விடுகிறேன் என்று யாராவது வந்தால், வேலை முடிந்ததும் ஒரு இடத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் என்பதைத் திறந்தால் ஒரு பெயரும் மெயில் முகவரியும் தெரியும். அது உங்களுடையதாக இருக்க வேண்டும். எங்கள் பெரியப்பா வீட்டில் அது வேலை பார்க்க வந்தவருடையதாக இருந்தது. அதனால் பட்ட பாட்டை, மற்றவர்களுக்கும் நடக்கக் கூடாது என்பதற்காக முழுதாக எழுதுகிறேன்.

பெரியப்பாவுக்கு வீடு தக்கலைப் பக்கம். வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் ரப்பர் உண்டு. வெட்டுக்காரருக்குக் கொடுத்த கூலி, ஷீட் விற்ற கணக்கு, மழையில் வெட்டு நின்ற நாட்கள் எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றி வைப்பார். நிலப் பத்திரம், பட்டா, வரி ரசீது, பென்ஷன் தாள்கள் எல்லாம் ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும். கண்ணுக்கு முன்னால் இருந்தால்தான் அவருக்கு நிம்மதி.

அவருக்கு இருந்த பிரச்சினை மிகச் சின்னது. சவுதியில் தம்மாமில் இருக்கும் அண்ணன் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தபோது, தன் ஆபீஸ் வழக்கப்படி, கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால்தான் லாகின் வரும் என்று வைத்துவிட்டுப் போயிருந்தான். அது ஆபீஸுக்கு நல்ல ஏற்பாடுதான். அந்த மூன்று கீயையும் விண்டோஸைத் தவிர வேறு எந்தப் புரோகிராமாலும் பிடிக்க முடியாது. அதனால் போலி லாகின் ஸ்கிரீனைக் காட்டி பாஸ்வேர்டைத் திருடும் வேலை அங்கே நடக்காது. ஆனால் பெரியப்பாவுக்கு விரல் மூட்டு வலி. மூன்றையும் சேர்த்து அழுத்திவிட்டு, அப்புறம் நீளமான பாஸ்வேர்டையும் அடிக்க வேண்டும். "இதுக்கு ஒரு வழி பண்ணு மக்களே" என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் ஊருக்குப் போவதற்குள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிட்டுவிட்டார்.

இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட் என்ற எட்டு எழுத்தையும் சேர்த்து அடித்து என்டர் தட்ட வேண்டும். யூசர் அக்கவுண்ட்ஸ் பெட்டி திறக்கும். அதில் அட்வான்ஸ்டு என்ற டேபில், கன்ட்ரோல் ஆல்ட் டெலிட் கட்டாயம் என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டால் முடிந்தது. நீள பாஸ்வேர்டுக்குப் பதில் பின் நம்பர் வேண்டுமென்றால் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்று போய் வைத்துக்கொள்ளலாம். அந்த பின் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமே செல்லும், ஆகவே பயப்பட வேண்டியதில்லை. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

வந்தவர் இதைச் செய்யவில்லை. "சார், விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சாச்சு. இனி வைரஸ் வந்தா யாரும் பொறுப்பில்லை. 11 போட்டாத்தான் லாகினும் சரியாகும்" என்றார். பாதி உண்மை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச சப்போர்ட் முடிந்தது. ஆனால் அதற்கும் லாகின் ஸ்கிரீனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெரியப்பாவின் கம்ப்யூட்டர் 11-ஐத் தாங்கக்கூடியது, இருந்ததை அழிக்காமல் இலவசமாகவே அப்கிரேடு செய்திருக்கலாம். அவர் சிபியூவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டு, ஃபைல்களைத் திரும்ப ஏற்றிக் கொண்டுவந்து 1,800 ரூபாய் வாங்கினார். பில் தரவில்லை. நல்ல வேளையாகப் பெரியப்பா ஜிபே வழியாகக் கொடுத்திருந்தார்.

ஆன் செய்ததும் நேராக டெஸ்க்டாப் வந்தது. பாஸ்வேர்டும் இல்லை, பின்னும் இல்லை. பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம். போனில் என்னிடமும் சொன்னார்.

அப்புறம் ஐப்பசி மழை. குமரியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இடி இடித்தால் கரண்ட் போய்ப் போய் வரும். ஒருநாள் காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் நீல ஸ்கிரீன். 48 இலக்க ரெக்கவரி கீயை அடியுங்கள் என்று கேட்டது. மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி செத்து, பயாஸ், அதாவது கம்ப்யூட்டரைக் கிளப்பும் அடிப்படைப் புரோகிராமின் செட்டிங்ஸ், மாறிப் போயிருந்தது. இப்படி எந்திரத்தில் ஏதாவது மாறினால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் சந்தேகப்பட்டுக் கீ கேட்கும். திருடன் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனால் திறக்க முடியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பெரியப்பா எனக்கு அந்த ஸ்கிரீனைப் படம் எடுத்து அனுப்பினார். கீ எந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு மெயில் முகவரியின் துண்டு அதில் தெரிந்தது. எங்கள் வீட்டில் யாருடைய மெயிலும் அப்படித் தொடங்காது. அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

நடந்தது இதுதான். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தால், தகுதியுள்ள கம்ப்யூட்டர்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடும். டிஸ்க்கில் இருப்பதெல்லாம் பூட்டப்படும். பூட்டைத் திறக்கும் 48 எண்கள், முதலில் நுழைந்தவரின் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் போய் உட்காரும். கடைக்காரர் பெரியப்பாவிடம் மெயில் கேட்கவில்லை, தன்னுடையதையே போட்டார். ஆக வீடு பெரியப்பாவுடையது, சாவி மார்த்தாண்டத்தில். அந்தக் கீ இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் கம்பெனியாலும் திறந்து தர முடியாது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவது ஒன்றுதான் வழி.

கடைக்குப் போன் செய்தோம். முதலில் "அப்படி எதுவும் நான் போடலையே" என்றார். மெயில் துண்டைச் சொன்னதும் குரல் மாறியது. "டேட்டா ரெக்கவரி பண்ணணும், 5,000 ஆகும், மெஷினைக் கடைக்குக் கொண்டு வாங்க" என்றார். என்னால் தாங்க முடியாமல் போனது இந்த இடத்தில்தான். அங்கே ரெக்கவரி செய்ய எதுவுமில்லை. தன் அக்கவுண்டில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தீர்ந்தது. ஓய்வு பெற்ற ஒரு மனிதர் தன் பத்திரங்களைப் பார்க்க முடியாமல் ராத்திரி தூங்காமல் கிடக்கிறார், அதற்கு ஒரு விலை போடுகிறார்.

அண்ணன் தம்மாமிலிருந்து "கொடுத்துத் தொலைச்சிடலாம்" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பினேன். இந்தக் கம்ப்யூட்டரின் உரிமையாளர் இன்னார், இன்ன தேதியில் ஜிபேயில் பணம் வாங்கியிருக்கிறீர்கள், உரிமையாளரின் அனுமதி இல்லாமல் உங்கள் அக்கவுண்டை ஏற்றியிருக்கிறீர்கள், கீயை வைத்துக்கொண்டு பணம் கேட்கிறீர்கள், இன்று மாலைக்குள் கீ வராவிட்டால் சைபர் கிரைமிலும் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் போகும் என்று. நீல ஸ்கிரீன் படத்தையும் கூடவே வைத்தேன். திட்டவில்லை, ஒரு வார்த்தைகூட மிகையாக எழுதவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் 48 எண்களும் வந்துவிட்டன. ஐந்து பைசா கொடுக்கவில்லை.

கீயை அடித்துத் திறந்த பிறகுதான் மீதி தெரிந்தது. டெஸ்க்டாப்பில் இருந்த பட்டா ஸ்கேனின் ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சை டிக். பக்கத்தில் பென்ஷன் தாளிலும் அதே டிக். ஃபைல்களை இணையத்தில் சேமிக்கும் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் பேக்கப் ஆன் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்று ஃபோல்டரும் கடைக்காரரின் ஒன்டிரைவுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி நிறைந்ததும் நின்றிருக்கிறது. பேத்தியின் ஞானஸ்நானப் படங்கள்கூட அங்கே பாதி இருந்தன. எட்ஜ் பிரவுசரும் அவர் அக்கவுண்டோடு சிங்க் ஆகியிருந்தது. பெரியப்பா அதில்தான் பேங்க் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருந்தார்.

இதுவும் போதாதென்று, வைரஸைத் தடுக்கும் விண்டோஸின் டிஃபெண்டரில் ஒரு ஃபோல்டரைச் சோதிக்க வேண்டாம் என்று விலக்கி வைத்திருந்தார். அதற்குள் திருட்டு ஆபீஸை ஆக்டிவேட் செய்யும் புரோகிராம். எதை நிறுவினாலும் திரையை மங்கலாக்கி "அனுமதிக்கலாமா" என்று கேட்கும் பாதுகாப்பு ஸ்கிரீன் வருமே, அதையும் ஒருபோதும் கேட்காதே என்று கீழே இறக்கி வைத்திருந்தார். பெரியப்பாவுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்று செய்தாராம். கன்ட்ரோல் ஆல்ட் டெலிட்டை எடுப்பதும் இதை எடுப்பதும் ஒன்றல்ல. முதலாவதை வீட்டில் தாராளமாக எடுக்கலாம். இரண்டாவதை யாருக்காகவும் எடுக்கக் கூடாது, முக்கியமாக வயதானவர்கள் கம்ப்யூட்டரில்.

நாங்கள் சரி செய்த விதத்தையும் சொல்கிறேன், வரிசை முக்கியம். முதலில் ஒன்டிரைவ் பேக்கப்பை நிறுத்தி, ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்தோம். ஒன்டிரைவ் ஃபோல்டரில் அழித்தால் இங்கேயும் போய்விடும், அதனால் எதையும் அவசரப்பட்டு அழிக்கவில்லை. அப்புறம் பெரியப்பா பெயரில் புது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் தொடங்கி, அதர் யூசர்ஸ் பகுதியில் சேர்த்து, அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கி, அதில் நுழைந்து, கடைக்காரரின் அக்கவுண்டை நீக்கினோம். கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூசர் என்று ஆங்கிலத்தில் அடித்தால், லாகின் ஸ்கிரீனில் தெரியாமல் மறைத்து வைத்த அக்கவுண்டுகளும் வரிசையாக வரும். அதையும் பார்த்தோம். பிறகு பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, முழுவதும் திறந்து முடிந்ததும் மறுபடி ஆன் செய்தோம். இப்படிச் செய்தால் பழைய கீ செல்லாது, புதுக் கீ பெரியப்பாவின் அக்கவுண்டுக்கு வரும். ஆறு ஆறாக எட்டுக் கட்டம் எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பத்திரங்களோடு பீரோவில் வைத்தாயிற்று. பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாமல் போனிலிருந்து மாற்றினோம். லாகினுக்கு இப்போது பின் நம்பர் மட்டும்.

ஒன்டிரைவில் போன ஃபைல்களை அழித்துவிட்டேன் என்று கடைக்காரர் சொல்கிறார். "அது தானா நடக்குது, நான் என்ன செய்ய" என்றும் சொல்கிறார். தானாக நடக்கலாம். யாருடைய அக்கவுண்டில் நடக்கிறது என்பதைத் தீர்மானித்தது அவர் கை. அழித்ததை எங்களால் சோதித்துப் பார்க்க வழியில்லை. அதனால் கீ வந்த பிறகும் தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிவு செய்திருக்கிறோம். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து தகவலை எடுப்பது 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவில் வரும். கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை.

பேங்க் பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். வேலை சரியில்லை, ஏமாற்றிப் பணம் வாங்கினார் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாக இருந்தால் கட்டணம் கிடையாது. பில் இல்லையென்றாலும் ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் கையில் இருக்கட்டும், போன் மாற்றும்போது அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒரு வருடத்தில் தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கம் பலர் வீட்டில் 11 போட்டிருப்பார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் பெரியவர்கள் மட்டும். ஊருக்குப் போன் செய்யும்போது அக்கவுண்ட்ஸ் பக்கத்தைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தெரியாத மெயில் இருந்தால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிடுங்கள். நீல ஸ்கிரீன் வந்த பிறகு கீ அவர் கையில்தான்.