வீடியோ பாடமும் வார்டும்: எம்.பி.பி.எஸ். மாணவர்கள் பார்வையில் கலப்புக் கற்றல்

கொரோனா ஊரடங்கில் வேறு வழியில்லாமல் வந்த ஆன்லைன் பாடம், கல்லூரிகள் திறந்த பிறகும் போகவில்லை; நேரடி வகுப்போடு சேர்ந்து கலப்புக் கற்றலாகிவிட்டது. எம்.பி.பி.எஸ். மாணவர்களைக் கேட்டால், வகுப்புக்கு முந்தைய இரவில் பார்க்கும் வீடியோதான் உருப்படியானது என்பார்கள். அதுவும் 15, 20 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பார்த்துவிட்டு வந்த அதே ஸ்லைடுகளை மறுநாள் வகுப்பிலும் ஓட்டினால் கடுப்புதான் வரும். அந்த ஒரு மணி நேரத்தை ஒரு கேஸுக்கோ நாலு ஈ.சி.ஜி.க்கோ கொடுத்தால் முன்னிரவு பார்த்தது மண்டையில் நிற்கும்.

வீடியோவின் எல்லை தெரிவது இதய ஒலிகளில். இதயத்தின் மூன்றாம் ஒலி, மிட்ரல் ஸ்டெனோசிஸ் (மிட்ரல் வால்வு சுருங்குவது) தரும் மர்மர் என்ற இரைச்சல் இரண்டும் தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை. போன் ஸ்பீக்கரில் அநேகமாகக் கேட்காது. காதை முழுதாக மூடும் ஹெட்போன் வேண்டும். அதில் கேட்டுப் பழகியவரும் வார்டில் திணறுவார். நோயாளியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, ஏபெக்ஸில் (இதயத்தின் நுனி துடிக்கும் இடத்தில்) ஸ்டெதாஸ்கோப்பின் 'பெல்' என்ற கிண்ணம் போன்ற பக்கத்தைப் பட்டும் படாமல் வைக்க வேண்டும். அழுத்தினால் அடியில் உள்ள தோல் இறுகி ஸ்டெதாஸ்கோப்பின் மறுபக்கத் தட்டையான டயஃப்ரம் போல ஆகி, தாழ்ந்த ஒலியை வடிகட்டிவிடும். மர்மர் காணாமல் போகும். எவ்வளவு அழுத்தம் என்பதை எந்தத் திரையும் சொல்லித் தராது. சீனியர் கை வைத்துக் காட்டினால்தான் உண்டு.

அனாட்டமியிலும் (உடற்கூறியல்) இதே கதை. வீடியோவில், கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸ் மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று இருக்கும். டிஸெக்‌ஷன் (உடலை அறுத்துப் படிக்கும்) டேபிளில் கொழுப்புதான் முதலில் கைக்கு வரும். மேல்கையின் கொரக்கோபிரேக்கியாலிஸ் தசையைத் துளைத்துப் போகும் மஸ்குலோக்யூட்டேனியஸ் நரம்பைப் பிடித்து மேலே போனால் அந்தப் பின்னலின் ஒரு தண்டான லேட்டரல் கார்டு சிக்கும். இந்தக் குறுக்குவழி வீடியோக்களில் அபூர்வம்.

மனப்பாடத்துக்கு, கேள்வி-பதில் கார்டுகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் ஆன்கி நல்ல செயலி. ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. தினம் 20 புதிய கார்டு என்பதே அதன் இயல்பு அமைப்பு. கேட்க எளிதாக இருக்கும். சில வாரங்களில் ரிவிஷன் மட்டும் நாளுக்கு 150ஐத் தாண்டும். இன்டர்னல் தேர்வு வந்து நாலு நாள் விட்டால் மலையாகக் குவியும். பலர் செயலியையே கைவிடுவது அப்போதுதான். புதிய கார்டைப் பூஜ்யமாக்கி, பாக்கி தீரும்வரை ரிவிஷனை மட்டும் ஓட்டினால் போதும். யாரோ செய்த ஆயிரக்கணக்கான கார்டுகளை இறக்குவதைவிட, அன்றைய வார்டு கேஸிலிருந்து பத்து கார்டு சொந்தமாகப் போடுவது மேல். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கைகொடுப்பவை அவைதான்.