ஓயெஸ்: உச்ச நீதிமன்ற வாதங்களைக் காதால் கேட்க ஒரு சேவை

கருவிலுள்ள உயிரைச் சட்டம் ஒரு நபராக ஏற்க வேண்டுமா, ஏற்றால் அதைச் சுமக்கும் பெண்ணின் உரிமை என்னவாகும் என்ற விவாதத்தை மூலத்திலேயே கேட்க விரும்புவோருக்கு, அமெரிக்க உச்ச நீதிமன்ற வாதங்களின் ஒலிப்பதிவுகளைக் கட்டணமின்றி வழங்கும் ஓயெஸ் இணையதளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பெண்ணின் கருக்கலைப்பு உரிமையை ஏற்ற ரோ எதிர் வேட் வழக்கில் 1972 அக்டோபரில் இரண்டாம் முறையாக நடந்த வாதத்தை முதலில் கேளுங்கள். எந்த நபரின் உயிரையும் முறையான சட்டவழியின்றிப் பறிக்கக் கூடாது என்னும் பதினான்காவது அரசியல் சட்டத் திருத்தத்தின் பாதுகாப்புக்குரிய நபர்தான் கரு என்று நிறுவப்பட்டால் உங்கள் வழக்கு ஏறத்தாழ நிற்கவே முடியாதல்லவா என்று நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் கேட்க, கருக்கலைப்புத் தடையை எதிர்த்து வாதாடிய வழக்கறிஞர் சாரா வெடிங்டன் தம் நிலை மிகக் கடினமாகிவிடும் என்று ஒப்புக்கொள்கிறார். அத்திருத்தம் பிறவாத கருவை நபராகக் கொள்ளவில்லை என்று 1973 தீர்ப்பு கூறியது ஏன் அத்தனை முக்கியம் என்பது அந்த ஒரு பதிலிலேயே விளங்கிவிடுகிறது. ஒலியோடு எழுத்து வடிவமும் நகர்வதும், பேசும் நீதிபதி யாரென்று காட்டுவதும் (நீதிமன்றத்தின் பழைய எழுத்துப்படிகளில் இவ்வசதி கிடையாது) பெரிய உதவி. ரோ தீர்ப்பை 2022இல் ரத்து செய்த டாப்ஸ் வழக்கின் வாதமும் உண்டு. அத்தீர்ப்போ கருவின் உரிமை பற்றிய கேள்விக்கு விடை சொல்லாமலே விலகிக்கொண்டது. தீர்ப்பின் முழு வாசகத்துக்கு வேறு தளத்துக்குத் தாவ வேண்டியிருப்பதுதான் எனக்குப் பட்ட குறை.