பழைய பாபர் கல்லா, பெல்ஜியக் கல்லா, பச்சைப் பசையா: வன்னியில் சவரக்கத்தி வைத்திருப்பவருக்கு எது தோது?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இன்று எந்தச் சலூனுக்குப் போனாலும் பிளேட்டைப் பாதியாக உடைத்துச் செருகும் கத்திதான். ஆளுக்கொரு பிளேட் என்பது சுகாதாரத்துக்கு நல்லது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதோடு, மடக்குச் சவரக்கத்தியைத் தீட்டும் கைப்பழக்கமும் மெல்ல மெல்லப் போய்விட்டது. பழைய தீட்டுக்கற்களும் இங்கே மிஞ்சியது குறைவு. 2009 இல் இடம்மாறி இடம்மாறி ஓடிய சனத்தின் பைகளில் அடையாள அட்டைக்கும் காணி உறுதிக்குமே இடம் காணவில்லை. ஆகவே இப்போது ஒருவருக்கு இந்தக் கத்தியில் ஆசை வந்தால், கல் பெரும்பாலும் வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஊடாகத்தான் வர வேண்டும். எதை வாங்கி அனுப்பச் சொல்வது?

என்னைக் கேட்டால் முதல் கல் பழைய பாபர் கல்தான். அதிலும் கிடைத்தால் ஸ்வாட்டி என்ற நிறுவனம் செய்தது.

பாபர் கல் என்பது இயற்கைக் கல் அல்ல. அராவும் துகளைப் பிணைத்துத் தொழிற்சாலையில் செய்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சலூன்காரர்களுக்கென்றே செய்து விற்றார்கள். நீளம் ஐந்து அங்குலம் அளவில், அகலம் இரண்டு அங்குலம் அளவில், உள்ளங்கையில் அடங்கும். ஒருவரை எழுப்பிவிட்டு அடுத்தவரை இருத்துவதற்கு இடையில் மங்கிய கத்தியை நாலு இழுப்பில் மீட்டெடுப்பதுதான் அதன் வேலை. அதனால் வேகமாகத் தேய்க்கும், ஆனால் மிருதுவாக முடிக்கும். முற்றாக மொட்டையான கத்தியையோ, வாயில் பல்லு விழுந்த கத்தியையோ இதில் தீட்ட நினைக்கக் கூடாது. அதற்கு இன்னும் சொரசொரப்பான 1000 தரக் கல் வேண்டும்.

கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒன்றாகத் தொடும். கோணத்தை நாம் பிடிக்கத் தேவையில்லை, முதுகின் தடிப்பே அதைத் தீர்மானிக்கிறது. வாய் முன்னே போகும்படி தள்ள வேண்டும். தோல்வாரில், அதாவது கல்லுக்குப் பிறகு கத்தியை இழுக்கும் தோல் பட்டியில், இதற்கு நேர்மாறு, முதுகு முன்னே. கத்தி மூன்று அங்குலம், கல் இரண்டே அங்குலம் என்பதால் அடியிலிருந்து நுனிவரை கல்லில் படும்படி சற்றுச் சாய்வாக இழுக்க வேண்டும். பாரம் கொடுக்கவே கூடாது, கத்தியின் எடையே போதும். பக்கத்துக்கு ஐந்தாறு தரம், அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் வாயில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் எழும்பும். முதல் இழுவையில் நன்றாக வெட்டுவது போல இருக்கும், நாடிக்கு வரும்போது கடிக்கும்.

ஸ்வாட்டி எதற்கு? மார்பர்க் என்ற ஊரில், அதாவது இன்றைய ஸ்லோவேனியாவின் மாரிபோரில், பிரான்ஸ் ஸ்வாட்டி நிறுவனம் செய்த கல் இது. மேலே பெயர் அச்சடித்திருக்கும். சேகரிப்பவர்கள் மூன்று வரி எழுத்து உள்ளதைத் தேடித் தேடி வாங்குவார்கள். மங்கிய பழுப்பு நிறம், விரலால் தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கும். இந்த வழுக்கல்தான் அதன் பெறுமதி. அது தருகிற வாய் முகத்தில் மெத்தென்று இருக்கும்.

அமெரிக்காவின் கார்போரண்டம் கல் வேறு குணம். 1891 இல் எட்வர்ட் அச்செசன் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சார உலையில் சூடாக்கியபோது கிடைத்த சிலிக்கன் கார்பைட்தான் இந்தப் பெயருக்குக் காரணம். மிகக் கடினமான துகள். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நயம் என்று இரட்டைக் கல்லாகவும் வந்திருக்கிறது. மங்கல் கொஞ்சம் கூடிப்போன கத்திக்கு இது கைகொடுக்கும். ஆனால் ஸ்வாட்டியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாய் சற்று முரடாகவே வரும், பிறகு தோல்வாரில் கூட நேரம் செலவழிக்க வேண்டும். ஜேர்மனியிலோ பிரான்ஸிலோ ஆள் இருந்தால் ஸ்வாட்டியைத் தேடச் சொல்லுங்கள். ரொறன்ரோப் பக்கம் என்றால் கார்போரண்டமும் மற்ற அமெரிக்கக் கற்களும் சுலபமாகக் கிடைக்கும். அதற்காக மனம் தளரத் தேவையில்லை.

இனி பெல்ஜியக் கல். ஆர்டென் மலைப்பகுதியில் வீல்சாம் ஊரைச் சுற்றி எடுக்கிற கோட்டிகூல் என்ற இயற்கைக் கல். மஞ்சள் நிறம், உள்ளே நுண்ணிய கார்னெட் மணிகள். படை மெல்லியது என்பதால் பின்னால் சிலேட்டுக் கல் ஒட்டியே விற்பார்கள். அழகென்றால் அழகு, அதை மறுக்க மாட்டேன். சிறு கல்லொன்றால் மேலே தேய்த்துச் சேறு எழுப்பினால் வேகமாகத் தேய்க்கும். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விட்டுச் சேற்றைக் கரைத்துக்கொண்டே போனால் நயம் கூடும். கடைசியில் வெறும் தண்ணீரில் முடிக்கலாம். ஒரே கல்லில் முழு வேலையும். ஆனால் சேறு எப்போது போதும், தண்ணீர் எவ்வளவு என்பது கல்லுக்குக் கல் மாறும். பக்கத்தில் காட்டித்தர ஆளில்லாத ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு அதை முதல் கல்லாக எடுப்பது வீண் அலைச்சல். விலையும் பழைய பாபர் கல்லை விடக் கூட. இரண்டாவது கல்லாக வாங்குங்கள், அப்போது அதன் அருமை தெரியும்.

பச்சைப் பசை, அதாவது குரோமியம் ஒக்சைட், மலிவு. தோலிலோ மெல்லிய மரப்பலகையிலோ பூசி இழுத்தால் கத்தி உடனே பளிச்சென்று வெட்டும். ஆனால் தொடர்ந்து அதையே நம்பினால் வாய் மெல்ல உருண்டுவிடும், பிறகு கல்லுக்குத்தான் திரும்ப வேண்டும். கல்லுக்குத் துணையாக வைத்திருக்கலாம், கல்லுக்குப் பதிலாக அல்ல.

சீவல் தொழில் செய்பவர்கள் பாளைக்கத்தியை மரப்பலகையில் பொடி தூவித் தீட்டுவதைப் பார்த்து, சவரக்கத்தியையும் அப்படிச் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பாளை சீவ அந்த வாய் அருமையானது. சவரக்கத்திக்கு அந்தப் பொடி மிகவும் முரடு, வேண்டாம்.

கல் கைக்கு வந்ததும் சவர்க்காரமும் பழைய பல் பிரஷும் போட்டு நூற்றாண்டு அழுக்கைக் கழுவுங்கள். நகத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். எங்காவது தட்டுப்பட்டால் அந்த இடம் கத்தியின் வாயைத் தின்னும். ஓரம் உடைந்திருந்தால் கராஜில் வர்ணம் பூசுபவர்கள் பாவிக்கும் வாட்டர் பேப்பரால் ஓரத்தை மட்டும் மழுக்கிவிடலாம். மேல்முகம் நேராக இருந்தால் அதை உரசவே வேண்டாம். உரசினால் அந்தப் பழைய வழுக்கல் போய், கல் புதிதாகக் கடிக்கத் தொடங்கும். தீட்டும்போது மேலே சவர நுரை பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கம் வேண்டாம், கல்லில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் உடனே துடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் படிவு விழும்.

மாரி தொடங்கினால் கவலை கத்தியைப் பற்றித்தான். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் கரி உருக்கு ஒரே இரவில் புள்ளி போடும். துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவி வையுங்கள்.

அனுப்புகிறவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: கத்தியையும் கல்லையும் ஒன்றாகச் சுற்ற வேண்டாம், தனித்தனித் துணியில் சுற்றட்டும். கத்தியைக் கைப்பையில் கொண்டுவர விடமாட்டார்கள், பெரிய பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். கல்லோடு பழைய கடதாசிப் பெட்டி இருந்தால் அதையும் எறியாமல் சேர்த்து அனுப்பட்டும். எந்தக் கல், எப்படிப் பாவிப்பது என்று பல பெட்டிகளிலேயே அச்சடித்திருக்கும்.