மரம் சாய்ந்த மறுநாள் காலை வாளோடு வந்து நிற்பவர்கள்: ஏமாறாதீர்கள்

சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு தனி வீடு. ஐப்பசிக் காற்றில், காம்பவுண்டுக்குள் நின்ற பெரிய வேப்ப மரம் ராத்திரியோடு ராத்திரியாக வேரோடு சாய்ந்தது. அடிமரம் காம்பவுண்டு சுவர் மேல் கிடந்தது. கிளைகள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் சாய்ந்திருந்தன. காற்று உடைத்தது கைப்பிடிச் சுவரில் நாலடியும் காம்பவுண்டில் ஆறடியும்தான். மறுநாள் சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்காரர் 28,000 ரூபாய் கூலி கொடுத்திருந்தார். மொத்த மரமும் வீட்டை விட்டுப் போயிருந்தது. காற்றுக்குத் தப்பிய ஒரு சன்ஷேடு உடைந்து கீழே கிடந்தது. இன்சூரன்ஸில் வர வேண்டிய தொகையில் பெரும்பகுதியும் பிறகு கைக்கு வரவில்லை.

விடிந்தும் விடியாததுமாக ஒரு மினி லாரி, இரண்டு மெஷின் வாள், நாலு ஆட்கள். "சார், சுவர் எப்ப வேணா இடிஞ்சு விழும், இப்பவே எடுத்துடணும். நாளைக்குன்னா ஆள் கிடைக்காது, ரேட்டும் டபுள்." வீட்டில் வயசானவர்கள் இருந்தார்கள், கரண்டும் இல்லை. சரி என்று சொல்லிவிட்டார். யார் சொல்லியிருக்க மாட்டார்கள்? 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு சென்னைத் தெருக்களில் மெஷின் வாள் வைத்திருந்தவர் சொன்னதே விலை. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் விழுந்த தென்னைகளை அகற்றவும் அதே பாடுதான். நேர்மையாகக் கூலி வாங்கி உயிரைப் பணயம் வைத்து வேலை செய்கிறவர்களும் நிறையப் பேர் உண்டு. வித்தியாசம் கண்டுபிடிக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் மரக் கணக்கு. "வேம்பு விறகுக்குத்தான் சார் போகும், அதுக்கு எவனும் காசு தர மாட்டான். அள்ளிட்டுப் போறதே எங்களுக்கு நஷ்டம்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அடிமரத்தை டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, ஏழடி ஏழடியாக இரண்டு துண்டாக அறுத்திருக்கிறார்கள். விறகுக்குப் போகிற மரத்தை யாரும் டேப் வைத்து அளக்க மாட்டார்கள். ஏழடி என்பது கதவு நிலையின் உயரம். அந்த இரண்டு துண்டும் நேராக அறுவை மில்லுக்குத்தான் போயிருக்கும்.

அதன் அளவை நீங்களே போடலாம். துண்டின் நடுவில் கயிறு சுற்றி, சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். அதை நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. அந்த வேம்புக்கு நடுச் சுற்று 60 அங்குலம், நேரான நீளம் 14 அடி. 60-ஐ நாலால் வகுத்தால் 15. 15 பெருக்கல் 15, 225. அதை 14-ஆல் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 22 கன அடி. இதே மரத்தை நுனிப்பக்கம் அளந்து 48 அங்குலம் என்று சொன்னால் 14 கன அடிதான் வரும். எட்டு கன அடி காணாமல் போவது இப்படித்தான். விலைக்கு எடுப்பவர் எந்த இடத்தில் கயிறு சுற்றுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். அன்றைய விலையை இரண்டு மர வாடியில் போனில் கேட்டால் போதும், பத்து நிமிஷ வேலை. வேம்பு, பூவரசு, பலா, மா எல்லாவற்றுக்கும் விலை உண்டு. மயில்கொன்றை பெரும்பாலும் விறகுதான். சந்தனம் என்றால் வனத்துறைக்குச் சொல்லாமல் ஒரு கிளையைக்கூட வெட்ட விடாதீர்கள்.

பேரம் மூன்று விதம்தான். கூலி முழுசாகக் கொடுத்து மரத்தை நீங்களே வைத்துக்கொள்வது, மரத்தைக் கொடுத்துக் கூலி இல்லாமல் முடிப்பது, மர விலையைக் கழித்து மீதியைக் கூலியாகக் கொடுப்பது. எது என்று வேலை தொடங்குமுன் ஒரு தாளில் எழுதி, வண்டி எண்ணும் போன் எண்ணும் கையெழுத்தும் வாங்குங்கள். போனில் வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை. கிளை, இலை, அடிக்கட்டை, வேர் எல்லாம் அந்தக் கூலிக்குள் அடங்குமா என்பதும் அதில் வரட்டும். அடிக்கட்டைக்குத் தனிக் காசு என்று கடைசியில் கேட்பது வழக்கமான வேலை.

அடுத்தது சன்ஷேடு. இதுதான் மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே ஒரு உயிரே போயிருக்கலாம். கிளைகளைக் கழிக்காமல் நேராக அடிமரத்தில் வாளை வைத்திருக்கிறார்கள். அடி அறுந்ததும் மொத்த மரமும் உருண்டு, மாடியில் சாய்ந்திருந்த கிளை கைப்பிடிச் சுவரை விட்டு வழுக்கி, சன்ஷேடை அடித்துக்கொண்டு இறங்கியது. சாய்ந்த மரத்தை நுனியிலிருந்துதான் கழிக்க வேண்டும். சின்னக் கிளைகளை எடுத்துப் பாரத்தைக் குறைத்து, அடிமரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, பெரிய கிளைகளைக் கயிறு கட்டி இறக்க வேண்டும். வீட்டின் மேல் கிடக்கும் பெரிய மரத்துக்கு ஹைட்ரா கிரேன் வைத்துத் தூக்குவதே நல்லது.

இரண்டு முனையிலும் தாங்கி நிற்கும் கிளையில் மேல்பக்கம் நெருக்கத்திலும் அடிப்பக்கம் இழுப்பிலும் இருக்கும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். மேலிருந்தே முழுசாக அறுத்தால் வாள் மாட்டிக்கொள்ளும், கீழிருந்து தொடங்கினால் கிளை பிளந்து தெறிக்கும். வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னொரு ஆபத்து: அடி அறுந்ததும் மண்ணோடு நிற்கும் வேர்த்தட்டு படாரென்று குழிக்குள் திரும்ப விழும். குழிக்குள் ஆளை இறக்கி வேர் வெட்டச் சொல்லும் குழுவை அப்போதே நிறுத்துங்கள். ஹெல்மெட்டும் கயிறும் இல்லாமல், செருப்புக் காலோடு மெஷின் வாள் பிடிக்கிறவரிடம் உங்கள் வீட்டை ஒப்படைக்காதீர்கள். அவருக்கு ஏதாவது ஆனால் பிரச்சினை உங்கள் வாசலில்தான்.

மரத்தைத் தொடுவதற்கு முன்னால் மின்சாரம். ஈரமான மரம் கரண்டைக் கடத்தும். மெயினை அணைத்தால் போதாது, இன்வெர்ட்டரும் சோலாரும் இருந்தால் அவற்றையும் அணையுங்கள். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் மேல் மரம் கிடந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் புகார் கொடுத்து, ஈ.பி. ஆட்கள் வந்து லைனைத் துண்டித்தோம் என்று சொல்லும்வரை யாரும் பக்கத்தில் போகக் கூடாது. "வயரை நாங்களே கட்டையால தள்ளிடுறோம்" என்று சொல்கிறவரை உள்ளே விடவே வேண்டாம். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். யாராவது மாட்டியிருந்தாலோ சுவர் ஆடினாலோ தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112.

விழுந்தது தெருமரமா உங்கள் மரமா என்பதையும் பாருங்கள். தெருமரத்தை அகற்றுவது மாநகராட்சியின் வேலை. சென்னையில் 1913-க்குச் சொல்லி புகார் எண் வாங்குங்கள். காக்கிச் சட்டை போட்டு "கார்ப்பரேஷன்ல இருந்து வர்றோம், டீசலுக்கு மட்டும் குடுங்க" என்று வந்தால் அந்தப் புகார் எண்ணைக் கேளுங்கள். அவர்களிடம் இருக்காது.

இன்சூரன்ஸில் என்ன நடந்தது என்றால், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தபோது அங்கே மரமும் இல்லை, உடைந்த செங்கலும் இல்லை. இடத்தைப் பெருக்கியே விட்டிருந்தார்கள். தெருவிலிருந்து எடுத்த ஒரே ஒரு போட்டோ இருந்தது, அதில் சன்ஷேடு முழுசாக நின்றது. காற்றில் உடைந்ததல்ல, வேலையாட்கள் உடைத்தது என்று அதைத் தள்ளிவிட்டார். கைப்பிடிச் சுவருக்கும் போதிய ஆதாரம் இல்லை. 2021 ஏப்ரலில் வந்த, வீடுகளுக்கான பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயலும், மரம் விழுந்து ஏற்படும் சேதமும் அடங்கும். இடிபாடுகளை அகற்றும் செலவுக்கும் கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை இடம் உண்டு. இருந்தும் காட்டுவதற்கு ஒன்றும் இல்லையே.

அதனால் வாள் சுழலுமுன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வேர்க்குழி, மரம் சுவரைத் தொடும் இடம், உள்ளே இருந்து கூரை, தண்ணீர்த் தொட்டி, குழாய்கள் எல்லாம் தெரிய வேண்டும். ஒரு படத்திலாவது டேப் விரித்து வைத்து எடுங்கள். வீடியோவில் தேதியும் நேரமும் வாயால் சொல்லுங்கள். அன்றே நிறுவனத்துக்கு மெயிலிலும் சொல்லுங்கள், போனில் மட்டும் சொன்னால் போதாது. மழை இறங்கினால் தார்ப்பாய் போட்டு மூடலாம், மேலும் சேதம் ஆகாமல் காப்பது உங்கள் கடமையும்கூட. அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த ஓடு, செங்கல், ஷீட் எல்லாவற்றையும் சர்வேயர் பார்க்கும்வரை ஒரு மூலையில் குவித்து வையுங்கள். காருக்குத் தனிக் கணக்கு: ஓன் டேமேஜ் (உங்கள் வண்டியின் சேதத்துக்கான காப்பீடு) இருந்தால் கிடைக்கும், தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் கிடைக்காது. குடிசையோ ஓட்டு வீடோ என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிச் சேதக் கணக்கெடுப்பில் பெயர் வரச் செய்யுங்கள்.

மூன்றாம் நாள் அதே குழுவின் சிபாரிசில் ஒரு மேஸ்திரி வந்தார். மாடிக்கு அடியில் கூரைப் பூச்சில் இருந்த ஒரு கோட்டைக் காட்டி, "தளமே விட்டுப்போச்சு" என்று 85,000 ரூபாய்க்கு கோட்டிங் வேலை சொன்னார். நல்லவேளை, அட்வான்ஸ் கொடுக்கவில்லை. இதைச் சோதிக்க ஒரு உளியும் சுத்தியலும் போதும். விரிசல் மேல் இரண்டு அங்குலம் பூச்சை மட்டும் பெயர்த்துப் பாருங்கள். அடியில் கான்கிரீட்டில் கோடு தொடர்ந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள், அதுவரை அந்த அறையில் படுக்க வேண்டாம். பூச்சோடு நின்றால் பூச்சு வேலைதான். அந்த வீட்டில் கான்கிரீட் சுத்தமாக இருந்தது. சந்தேகமாக இருந்தால் விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் நீள்கிறதா என்று ஒரு மாதம் பாருங்கள்.

கடைசிப் பணத்தைக் குழி மூடிய பிறகுதான் கொடுங்கள். அந்த வீட்டில் காம்பவுண்டு அஸ்திவாரத்தை ஒட்டிய வேர்க்குழிக்குள் இலையையும் மரத்தூளையும் தள்ளி, மேலே ஒரு கூடை மண்ணைத் தூவிவிட்டுப் போயிருக்கிறார்கள். மக்கி இறங்கினால் அடுத்த மழையில் மீதிச் சுவரும் சாயும், கரையானும் வரும். அதையெல்லாம் வாரி எடுத்துவிட்டு, கழிவுநீர்க் குழாயை வேர் இழுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அரையடிக்கு ஒரு தடவை மண் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இடித்து மூடச் சொல்லுங்கள்.